மூணு வயசுக் கையில பென்சில் எதுக்கு?

மணல்தட்டு:
நேத்து கூர்முனை ஐயா ஒரு தீர்ப்பு எழுதிட்டுப் போயிட்டார்: "மூன்று வயதில் பென்சில் பிடிக்காத குழந்தை முதல் வகுப்பில் முழிக்கும். மாண்டிசோரி அம்மையாரே சின்ன வயதில் எழுத வைத்தவர்தான்." அதுக்குக் கைதட்ட வேற ஆளுங்க. எனக்கு ராத்திரி தூக்கம் வரல, அதான் தனி இழை. மாண்டிசோரிங்கற அந்த இத்தாலியக் கல்வியாளர் உப்புத்தாள்ல எழுத்தை வெட்டி, பலகையில ஒட்டி, தடவ வச்சாங்க. எதால? விரலால. பென்சிலால இல்ல. புள்ளி வச்ச நோட்டுல ஒரே எழுத்தைப் பக்கம் பக்கமா இழுக்க வைக்கிறதுக்கு அவங்க பேரை இழுக்காதீங்க.

கூர்முனை:
இருபத்திரண்டு ஆண்டுகளாக மழலையர் பள்ளி நடத்துகிறேன். உங்களுக்கு எத்தனை ஆண்டு? மாண்டிசோரி வகுப்பில் உலோகச் சட்டங்கள் உண்டு. அதைக் காகிதத்தில் வைத்து ஓரத்தை ஒட்டி வரைந்து, உள்ளே கோடுகளால் நிரப்புவார்கள். எதனால்? வண்ணப் பென்சிலால். நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு எழுதுவதில் தீராத ஆர்வம் என்று அவரே எழுதியிருக்கிறார். சிலர் மூன்றரை வயதிலேயே தொடங்கியதாகவும் எழுதியிருக்கிறார். படித்துவிட்டு வாருங்கள்.

மணல்தட்டு:
படிச்சுட்டுதான் வந்தேன். சட்டத்துக்குள்ள கோடு போடுறது கை பழக. எழுத்து பழக இல்ல.

1907ல ரோம் நகரத்துல சான் லொரென்சோவுல அவங்க முதல் பள்ளியைத் தொடங்கினாங்களே, அங்க முதல்ல எழுதின பையன் கதை தெரியுமா? மாண்டிசோரி மொட்டை மாடியில உட்கார்ந்து, பக்கத்துல இருந்த அந்தப் பையன் கையில சுண்ணக்கட்டியைக் கொடுத்து, "இந்தப் புகைபோக்கியை வரைஞ்சு காட்டு"ன்னாங்க. வரைஞ்சான். அப்புறம் திடீர்னு "எனக்கு எழுத வருது!"ன்னு கத்திக்கிட்டே தரையில 'கை'ன்னு இத்தாலியில எழுதினான். அப்புறம் 'புகைபோக்கி', அப்புறம் 'கூரை'. எழுதச் சொல்லி யாரும் கேட்கல. வயசு அஞ்சு. மூணு இல்ல. அதுக்கு முன்னாடி அவன் எழுத்தைத் தொட்டது விரலால.

கூர்முனை:
கடைசியில் கையில் இருந்தது சுண்ணக்கட்டி. அதுவும் விரலா?

குற்றம்குற்றமே:
இடையில் குறுக்கிடுகிறேன். 'உப்புத்தாள்' பிழை. அதில் உப்பு இல்லை. மணல்தாள் என்பதே சரி.

மணல்தட்டு:
தச்சர்கிட்டப் போய் மணல்தாள் கேட்டுப் பாருங்க, உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். பென்சிலை மட்டும் ஏன் விட்டுட்டீங்க?

குற்றம்குற்றமே:
விடவில்லை. கரிக்கோல் என்றே நான் எழுதுவேன்.

இரண்டுபிள்ளைஅம்மா:
எல்லாரும் எழுத்திலேயே நிக்கிறீங்க. சின்னவன் (மூணரை) ஒண்ணுல இருந்து இருபது வரைக்கும் மூச்சுவிடாம ஒப்பிப்பான். பெருமையா இருந்துச்சு. ஒரு நாள் பொத்தான் டப்பாவைக் காட்டி "அஞ்சு எடுத்துக் கொடுடா"ன்னேன். ரெண்டு கையாலயும் அள்ளிக் கொடுத்தான். எண்ணிப் பார்க்கச் சொன்னா "ஒண்ணு, ரெண்டு, மூணு"ன்னு ஒரே பொத்தானை ரெண்டு தடவை தொட்டான். கடைசியா சொன்ன எண்தான் மொத்தம்னு அவனுக்கு இன்னும் பிடிபடல. இப்ப ஒப்பிக்கறதை நிறுத்திட்டு, படியேறும்போது, மேசையில தட்டு வைக்கும்போது எண்ணுறோம். ரெண்டு, மூணு வரைக்கும் சரியா தர்றான். இது பத்தி யாராவது பேசலாமே?

கூர்முனை:
நல்லது அம்மா. பென்சில் பிடிக்கிறானா?

மணல்தட்டு:
பாருங்க! இதுதான் வியாதி. அந்தம்மா எவ்வளவு நல்ல விஷயம் சொல்றாங்க, இவருக்குப் பென்சில். கேளுங்கம்மா, மணிக்கட்டுல எட்டு எலும்பு. மூணு வயசுல எக்ஸ்ரே எடுத்தா எட்டுல பாதியாவது தெரியாது, அது இன்னும் குருத்தெலும்பு. கடைசி எலும்பு தெரியவே ஒன்பது பத்து வயசு ஆகும். களிமண் பிசையறது, துணி முறுக்கறது, மணல்ல விரலால எழுதறது... விரல், திரும்பவும் சொல்றேன், விரல்.

இடக்கையன்:
அப்ப பத்து வயசு வரைக்கும் பென்சிலைப் பூட்டி வச்சிடலாமா டாக்டர்?

மணல்தட்டு:
இடக்கையன் தம்பி, போன மாசம் கைபேசி விவாதத்துல வாங்கிக் கட்டிக்கிட்டது மறந்துபோச்சா?

இடக்கையன்:
நான் தம்பி இல்ல, வயசு 51. வாங்கிக் கட்டிக்கவும் இல்ல. நீங்கதான் பாதியில ஓடினீங்க. என் கதையைக் கேளுங்க. நாலு வயசுல இடது கையில பென்சில் எடுத்தேன்னு டீச்சர் கையைப் பின்னாடி வச்சுக்கச் சொன்னாங்க. வருஷம் முழுக்க. இன்னிக்கும் வலது கையில எழுதுறேன், இடது கையில மத்த எல்லாம். என் கையெழுத்தை வங்கியில ஒத்துக்கவே மாட்டேங்கிறாங்க. பென்சிலா விரலாங்கறது இல்ல பிரச்சினை. எந்தக் கைன்னு குழந்தையைக் கேட்டீங்களா?

கூர்முனை:
என் பள்ளியில் யார் கையையும் கட்டியதில்லை. இது என் மீது சாட்டும் குற்றம் என்றால் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

இடக்கையன்:
உங்க பள்ளின்னு யார் சொன்னா? எங்கப்பன் குதிருக்குள் இல்லைன்னு நீங்களே வந்தா நான் என்ன பண்ண?

கூர்முனை:
சரி, ஆய்வுக்கே வருகிறேன். 2012இல் வெளியான ஆய்வு. எழுதப் படிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகள் எழுத்துகளைக் கையால் எழுதினார்கள், தட்டச்சும் செய்தார்கள். பிறகு மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். வாசிப்புக்கு உதவும் பகுதி, கையால் எழுதிப் பழகிய எழுத்துகளைப் பார்த்தபோதுதான் நன்றாக வேலை செய்தது. கையால் எழுதியது. பென்சில், ஐயா, பென்சில்.

மணல்தட்டு:
ஹா! நல்லா மாட்டினீங்க. அதே ஆய்வுல மூணாவதா ஒண்ணும் இருந்துச்சு, அதை வசதியா முழுங்கிட்டீங்க. புள்ளிக்கோட்டு மேல இழுக்கறது. அதுக்கு அந்தப் பலன் கிடைக்கல. தானா, கோணல்மாணலா எழுதினதுக்குத்தான் கிடைச்சுது. உங்க நோட்டுல என்ன இருக்கு? புள்ளி. பிள்ளைங்க வயசு என்ன? அஞ்சு. உங்க கணக்கு என்ன? மூணு. இருபத்திரண்டு வருஷமா புள்ளி விற்கிறீங்க.

கூர்முனை:
"விற்கிறீர்கள்" என்ற சொல்லைத் திரும்பப் பெறுங்கள்.

மணல்தட்டு:
புள்ளியைத் திரும்பப் பெறுங்க, நான் சொல்லைப் பெறுறேன்.

பழையபெஞ்சு:
ரெண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்க. அமெரிக்காவுல இப்சிலாண்டில 1962ல பெரி மழலையர் பள்ளின்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைங்க 123 பேர். பாதிக்குக் கொஞ்சம் கம்மியா இந்தப் பள்ளியில, மத்தவங்க இல்லாம. நாற்பது வயசு வரைக்கும் விடாம பார்த்தாங்க. அறிவுத்திறன் மதிப்பெண்ல வந்த உயர்வு சில வருஷத்துல கரைஞ்சுபோச்சு. ஆனா பள்ளிப் படிப்பை முடிச்சது, வேலை, வருமானம், போலீஸ்ல சிக்காம இருந்ததுன்னு பார்த்தா அந்த மழலையர் பள்ளிக்குப் போனவங்க மேல. அங்க குழந்தையே "இன்னிக்கு நான் இதைச் செய்யப் போறேன்"னு சொல்லும், செய்யும், அப்புறம் செஞ்சதைச் சொல்லும். டீச்சர் வாரத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கே போய் ஒன்றரை மணி நேரம் அம்மாவோடயும் குழந்தையோடயும் உட்காருவாங்க.

கூர்முனை:
வாரம் ஒருமுறை வீட்டுக்கா? அந்த ஆசிரியைக்குச் சம்பளம் யார் தருவது? நீங்களா? ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று தெரியுமா? விசைப்பலகை முன் உட்கார்ந்து பேசுவது எளிது.

பழையபெஞ்சு:
அங்க ஒரு டீச்சருக்கு அஞ்சாறு பிள்ளைங்கதான். அதைத்தான் சொல்ல வர்றேன்...

மணல்தட்டு:
பழையபெஞ்சு, நடுநிலை வேஷம் வேண்டாம். அந்தப் பிள்ளைங்க கையில மூணு வயசுல பென்சில் திணிச்சாங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.

பழையபெஞ்சு:
நான் சொல்ல வந்தது அது இல்லைங்க.

மணல்தட்டு:
பதில் இல்ல. எல்லாரும் குறிச்சுக்கோங்க.

இரண்டுபிள்ளைஅம்மா:
பொத்தான் பத்தி...?

குற்றம்குற்றமே:
பொத்தான் போர்த்துகீசியச் சொல்.

கூர்முனை:
இது என் கடைசிப் பதிவு. என் ஆசிரியை, 1939இல் மாண்டிசோரி இந்தியாவுக்கு வந்து நடத்திய பயிற்சியில் படித்த ஒருவரிடம் பாடம் கேட்டவர். அந்த வழியில் வந்த எனக்கு, மணல்தட்டில் விளையாடும் ஒருவர் பாடம் எடுக்க வேண்டாம்.

மணல்தட்டு:
பரம்பரை பெருசுதான். அந்த ஆசிரியை உங்களுக்குக் காட்டினது உப்புத்தாளா, புள்ளி நோட்டா?

குற்றம்குற்றமே:
மணல்தாள்.

கூர்முனை:
கடைசிப் பதிவு என்று சொல்லிவிட்டேன். ஆனாலும் ஒன்று. உப்புத்தாள்தான் காட்டினார். அடுத்த நாளே பென்சில் கொடுத்தார்.

மணல்தட்டு:
அடுத்த நாளா? அப்ப உங்களுக்கு என்ன வயசு? மூணா? நேரா சொல்லுங்க, நான் இங்கேயேதான் இருக்கேன்.