மூண்டு கிழமைப் பளபளப்பு: பொலிஷ் மெஷினோட பட்ட பாடு

வெள்ளவத்தைக் கறுப்பு 121:

அப்பாவின்ர கார். 2004 கொரோலா 121, கறுப்பு. 2020 மார்ச்சில வாகன இறக்குமதி நிண்டதில இருந்து, இதை வித்துப்போட்டு வேற எடுப்பம் எண்ட கதையை எங்கட வீட்டில ஒருத்தரும் எடுக்கேல்லை. 2025 பெப்ரவரியில திரும்பத் திறந்துவிட்டாங்கள். புதுசின்ர விலையைக் கேட்டுப்போட்டு வந்து அப்பா பழசையே ஒருக்காத் தடவிக் குடுத்தார்.

தங்கச்சியின்ர கலியாணத்துக்கு முன்னம் ஒரு இடத்தில கட் அண்ட் பொலிஷுக்கு விட்டம், பெயின்றின்ர மேல்பக்கத்தை மெல்லிசாய் அறுத்துப் பளபளப்பாக்கிற வேலை. இடத்தின்ர பேர் வேண்டாம். எடுக்கப் போகேக்க கார் கண்ணாடி மாதிரி. அப்பா பொனற்றில முகம் பார்த்துத் தலை இழுத்தவர். மூண்டு கிழமை போச்சு, நாலு தரம் கழுவியிருப்பம். ஒரு பின்னேரம் காலிமுகத்திடலில நிப்பாட்டிப்போட்டு இறால் வடையோட திரும்பி வாறன், சாயிற வெயில் பொனற்றில படுது. வெயிலைச் சுத்திச் சிலந்திவலை. அதுக்கு மேல, விளக்குமாறால கூட்டின முத்தம் மாதிரி நீட்டு நீட்டாய் நிழல் கோடு. நான் நடக்க அதுவும் கூட நடக்குது. வடை ஆறிப்போச்சு.

பிறகுதான் விளங்கினது. ரோட்டரி எண்ட, ஒரே வட்டமாய்ச் சுத்துற மெஷினில கம்பளிப் பேட்டைப் (தேய்க்கிற வட்ட மெத்தை) போட்டு அறுத்தவை, அதுக்குப் பிறகு மெல்லிய பேட்டால முடிக்கேல்லை. அந்தக் கோட்டுக்குப் பேர் ஹோலோகிராம். அதை மறைக்க எண்ணெய்ப்பசை உள்ள கிளேஸ் ஒண்டைப் பூசி விட்டிருக்கினம். கீறல் போகேல்லை, நிரம்பி நிண்டது. சம்பு பட்டுப் பட்டு அது கரைஞ்சு போக, உள்ள இருந்தது வெளிய வந்திட்டுது.

ரோசத்தில பாவிச்ச டி.ஏ. மெஷின் (சுத்திக்கொண்டே அசையிற மெஷின்) ஒண்டு வாங்கி நானே இறங்கினன். இப்ப பிரச்சினை ரெண்டு. ஹோலோகிராம் போச்சு, ஆனால் பொனற் முழுக்கப் பால் கலந்த மாதிரி ஒரு மங்கல். மற்றது, பேட் கரிச்சட்டி மாதிரிக் கறுத்துப்போச்சு. கிளியர் கோட்டை, கலருக்கு மேல அடிக்கிற நிறமில்லாத பூச்சை, தாண்டிப்போட்டன் போல கிடக்கு. இப்பிடி ஆருக்கும் நடந்ததோ?

மட்டக்குளி மெஷின்காரன்:

பேட் கறுத்ததைப் பற்றி எனக்குத் தெரியாது, மங்கல் நானும் பட்டது. என்ர கார் வாகன் ஆர். முதல் நாள் காலமை பத்தரைக்கு முத்தத்தில வச்சுத் தொடங்கினன். பொனற்றில கை வைக்கேலாத சூடு. பொலிஷ் ஊத்தி ரெண்டு இழுவை இழுக்க முன்னம் காய்ஞ்சு சீமேந்து மாதிரி ஒட்டிற்றுது. துணியால உரஞ்சி எடுக்கப்போய் அதிலயே புதுக் கீறல். இப்ப ஆறு மணிக்குப் பிறகு, போர்ட்டிக்கோவுக்குள்ள மட்டும்தான். புறங்கையை வச்சுப் பார்த்து, தகரம் குளிர்ந்திருந்தால்தான் மெஷின்.

இன்னொண்டு. மெஷின் சத்தம் போடுது, கை அதிருது, ஆனால் கீறல் அசையேல்லை. மூண்டு நாள் பொலிஷைத் திட்டினன். பிறகு ஒரு அண்ணை சொல்லித்தான் பேட் பூட்டுற தட்டின்ர விளிம்பில மார்க்கரால ஒரு கோடு போட்டன். கதவின்ர வளைவில கோடு அப்பிடியே நிக்குது! பேட் சுத்தவே இல்லை, சும்மா நடுங்கிக்கொண்டு நிண்டிருக்கு. டி.ஏ.யில அமத்தம் கூடினாலோ பேட் சரிஞ்சாலோ சுத்து நிண்டிடும். கையைத் தளர்த்தி, பேட்டைத் தட்டையாப் பிடிச்சு, வேகத்தை ஆறில அஞ்சுக்கு ஏத்தின பிறகுதான் வேலை நடந்தது.

பேட்டைத் துப்பரவாக்கிறனியளோ? நான் அப்ப ஒரே பேட்டால பொனற், கூரை ரெண்டையும் முடிச்சனான். அறுத்த பெயின்ற்றும் காய்ஞ்ச பொலிஷும் சேர்ந்து பேட்டில தட்டாய் இறுகிக் கிடக்கும். அதோட தேய்ச்சால் மங்கல் வராமல் வேற என்ன வரும்? இப்ப ரெண்டடிக்கு ரெண்டடி முடிய ஒருக்கா, பழைய நைலோன் பிரஷால உரஞ்சி விடுறன். ஒரு காருக்கு அஞ்சாறு பேட் வேணும். காசுதான், என்ன செய்ய?

தெமட்டகொடைப் பழைய பாஸ்:

தம்பி, பயப்பிட முன்னம் காரின்ர தகட்டில கலர் நம்பரைப் பாரும். 202 எண்டு கிடந்தால் அது டொயோட்டாவின்ர வெறும் கறுப்பு. அதில கனக்கக் கார் கிளியர் கோட் இல்லாமல் வந்தது. பேட்டில வாறது பெயின்ற்தான், வரத்தான் செய்யும். அந்தக் கறுப்பு சரியான மெது. மைக்ரோஃபைபர் துணியே கீறும். அறுக்கிற கொம்பவுண்டை அதில போட்டால் மங்கல் நிச்சயம். மெல்லிய ஸ்பொஞ்ச் பேட்டும் முடிக்கிற பொலிஷும் எடும், மெஷின்ர பாரம் மட்டும் போதும், நீர் அமத்தாதையும்.

ஆனால் கிளியர் கோட் உள்ள கார் எண்டால், பேட்டில கலர் வந்தவுடன மெஷினை நிப்பாட்ட வேணும். கிளியர் கோட் 40, 50 மைக்ரோன்தான் இருக்கும். தலைமயிர் ஒண்டு அதைவிடத் தடிப்பு. கொம்பனிப் பெயின்ற் எல்லாம் சேர்த்து அளந்தால் 100இல இருந்து 150 வரும். 300, 400 காட்டினால் அந்தப் பக்கம் ஒருக்கா அடிபட்டுத் திரும்பப் பெயின்ற் அடிச்சது, அல்லது உள்ள பட்டி (பள்ளம் நிரப்பிற பசை) கிடக்கு. தடிப்பு அளக்கிற மீற்றர் மொத்தத்தைத்தான் சொல்லும், மேல கிளியர் எவ்வளவு மிச்சம் எண்டு சொல்லாது. இதை விளங்காமல் மீற்றரை நம்பிக் கெட்டவங்களைக் கண்டிருக்கிறன்.

நானும் கெட்டவன்தான். பெடியனாய் இருக்கேக்க, மெட்டாலிக் சிவப்புக் கார் ஒண்டு. கதவில நெடுக ஒரு மடிப்பு ஓடுமே, அதில ரோட்டரியைச் சரிச்சுப் பிடிச்சிட்டு, வாசலில ஆரோ கூப்பிட்டதுக்குத் திரும்பிப் பார்த்தன். ரெண்டு செக்கன் இருக்காது. கருகின மணம். திரும்பினால் மடிப்பில விரலளவு வெளிர்க் கோடு. அண்டைக்கு முழுக் கதவும் பெயின்ற், என்ர சம்பளத்தில. விளிம்பில பெயின்ற் எப்பவும் மெல்லிசாய்த்தான் நிக்கும். பேட்டின்ர பாரம் முழுக்கவும் அந்த ஒரு கோட்டிலதான் விழும். ஆனபடியால் மடிப்பு, கதவு விளிம்பு எல்லாத்துக்கும் டேப் ஒட்டிப்போட்டுத்தான் நான் தொடங்கிறது. பிளாஸ்டிக் பம்பரில இன்னும் கவனம். தகரம் மாதிரிச் சூட்டை இழுத்துப் பரப்பாது, அந்த இடத்திலயே வேகும்.

பம்பலப்பிட்டி வெள்ளை வீட்ஸ்:

எனக்கு நடந்தது வேற மாதிரி. எங்கட வீடு மரைன் டிரைவ் பக்கம். வெள்ளைக் காரில ஊசிமுனை அளவில மண்ணிறப் புள்ளி, நூற்றுக்கணக்கில. கடல் காத்துக்குத் துருப்பிடிக்குது எண்டு நினைச்சு, என்ர மகன் நேராய் மெஷினைப் போட்டான். புள்ளி போகேல்லை, சுத்திவரக் கீறல் வந்தது. பிறகுதான் தெரிஞ்சது, அது றெயில் பாதையில இருந்து வாற இரும்புத்தூள். சில்லும் பிரேக்கும் தேய்ஞ்சு பறக்கிறது பெயின்றில குத்தி நிண்டு துருப்பிடிக்குது. இரும்பு கரைக்கிற திரவம் ஒண்டு விக்கிறாங்கள், அதை அடிச்சால் புள்ளி ஒவ்வொண்டும் ஊதா நிறமாய் அழுது வழியும். பார்க்கப் பயமாய் இருந்தது, உண்மையாச் சொல்லுறன். அதுக்குப் பிறகு கிளே கட்டியை (ஒட்டின தூசை இழுத்து எடுக்கிற களிமண் மாதிரி ஒண்டு) வழுக்குத் தண்ணியோட உருட்டி, கையால தடவேக்க சொரசொரப்பு இல்லை எண்டாப் பிறகுதான் மெஷின்.

அதே கார் தைப்பொங்கலுக்கு யாழ்ப்பாணம் போனது. மாமா அன்பில கிணத்துத் தண்ணியால கழுவி வெயிலில காய விட்டார். சுண்ணாம்புக்கல் பூமித் தண்ணி எல்லோ, கேத்திலில படியிற மாதிரிக் கார் முழுக்க வெள்ளை வட்டம். வினாகிரியில பாதிக்குப் பாதி தண்ணி கலந்து துணியில நனைச்சு ஒரு நிமிசம் வச்சு எடுக்கக் கனக்கப் போச்சு, உடன நல்லாக் கழுவி விட்டம். கூரையில அஞ்சாறு வட்டம் பெயின்றையே அரிச்சு இறங்கியிருந்தது. அதுக்கு மெஷின் போட்டும் வட்டத்தின்ர விளிம்பு மட்டும் மழுங்கினது. அதை விட்டிட்டன். கூரையை ஆர் பார்க்கப்போறான்? காகம்தான்.

வெள்ளவத்தைக் கறுப்பு 121:

தகட்டைப் பார்த்தன். 202 தான். பாஸுக்கு ஒரு பிளேன்ரீ கடன்.

சனிக்கிழமை இரவு பொனற்றின்ர ஒரு மூலையில ஒரு அடிச் சதுரத்துக்கு டேப் ஒட்டி, மெல்லிய பேட், முடிக்கிற பொலிஷ் பயறளவில நாலு பொட்டு, வேகம் நாலு. விநாடிக்கு ரெண்டு மூண்டு சென்ரிமீற்றர், அவ்வளவு மெதுவாய் நகர்த்தினன். பொறுமை போகுது, சொல்லி வேலையில்லை. நாலு இழுவை. துடைச்சிட்டு, பாமசியில வாங்கின ஐசோபுரொப்பைல் அல்கஹோலைத் தண்ணியோட பாதிக்குப் பாதி கலந்து அடிச்சுத் துடைச்சன். எண்ணெய் ஏதும் மறைச்சுக்கொண்டு நிண்டால் அதோட போயிடும். போன் லைற்றைக் கிட்டப் பிடிச்சன். டேப்புக்கு அங்கால பால், இஞ்சால மை. நடுவில கத்தியால வெட்டின மாதிரிக் கோடு. ஒரே சதுரத்தை எத்தினை தரம் பார்த்தன் எண்டு எனக்கே தெரியாது.

மிச்சத்துக்கு ரெண்டு கிழமை போச்சு. ஜன்னல் ரப்பரில பொலிஷ் பட்டு வெள்ளையாய்க் காய்ஞ்சதைப் பழைய பல்லுப் பிரஷால எடுக்கவே ஒரு முழுப் பின்னேரம்.

அப்பா டோர்ச்சோட வந்து சுத்திச் சுத்திப் பார்த்தார். இடது பின் கதவில நிண்டிட்டார். தங்கச்சி சின்னனில சைக்கிள் பெடலால கீறினது, நகம் வச்சால் சிக்கும் ஆழம். அதில நான் மெஷின் வைக்கேல்லை, அந்த ஆழத்துக்கு இறங்கினால் பெயின்ற் முடிஞ்சிடும். இதை ஏன் விட்டனி எண்டு கேப்பார் எண்டு நினைச்சன். டோர்ச்சை நூத்துப்போட்டு, "கவரை எடுத்துப் போடு, காகம் வரப்போகுது" எண்டிட்டு உள்ள போயிட்டார்.