புதுப்பிப்பு: ஏறி இறங்கிய எஞ்சினும் தானாக அலறிய அலாரமும்

சுங்கை சிப்புட்டிலிருந்து மீண்டும் எழுதுகிறேன். என் பழைய கார் நகராமல் நிற்கும்போது எஞ்சின் வேகம் நிமிடத்துக்கு 700 சுற்றுக்கும் 1,500 சுற்றுக்கும் இடையே ஏறி இறங்குகிறது, பூட்டிய சற்று நேரத்தில் அலாரம் அலறுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். இரண்டும் தீர்ந்தன. ஆனால் காரணங்கள் வெவ்வேறு.

"முதலில் எர்த்தைப் பாருங்கள்" என்று எழுதிய தாப்பா ஊர் அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி. எர்த் என்பது மின்சாரம் காரின் உடல் வழியே பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு. விளக்குகளையும் ரேடியேட்டர் விசிறியையும் ஓடவிட்டு, பேட்டரியின் எதிர்மின் (−) முனைக்கும் காரின் உடலுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தோம். 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது, 0.7 காட்டியது. எர்த் வயரின் முனை பச்சை பூத்துக் கிடந்தது. அலாரத்தின் எர்த்தும் அதே போல்ட்டில்தான்! எஞ்சினை அணைத்த பின்பும் விசிறி சுழலும்போது மின்னழுத்தம் சரிய, அதை அலாரம் திருட்டு என்று எடுத்துக்கொண்டது. முனையைச் சுரண்டி, அலாரத்துக்குத் தனி எர்த் கொடுத்ததும் அடங்கியது.

எஞ்சின் மட்டும் அடங்கவில்லை. எஞ்சினுக்குக் காற்று போகும் பாதையான இன்டேக்கின் பின்புறம் ஒரு வேக்குவம் (வெற்றிட உறிஞ்சு) குழாய் வெடித்திருந்தது. விரலால் அடைத்ததும் ஓட்டம் சீரானது. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டியையே மாற்றச் சொன்ன பட்டறையை நினைத்தால் கோபம் வருகிறது. ஒரு துண்டு ரப்பர் குழாய் போதுமாக இருந்தது.