வெற்றிலையோடு புகையிலை போடும் அப்பாவுக்கு எங்கே உதவி கிடைக்கும்?

தென்காசி மகள்:
என் தந்தைக்கு வயது 61. வெற்றிலையோடு புகையிலையையும் சேர்த்துக் கன்னத்தில் அடக்கிக்கொள்வது அவருக்கு நெடுநாள் பழக்கம். சில இரவுகளில் அப்படியே உறங்கியும் விடுவார். விட வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறது, ஆனால் காலையில் அது இல்லாமல் வயிறு இளகுவதில்லை என்கிறார். வெளியூரில் தங்கிச் சிகிச்சை பெற அவர் சம்மதிக்க மாட்டார். சிகரெட்டுக்கு மட்டுமன்றி, மெல்லும் புகையிலைக்கும் தமிழில் வழிகாட்டும் திட்டம் ஏதேனும் உண்டா?

முத்துவேல்:
உண்டு. 1800-11-2356 என்பது மத்திய அரசின் கட்டணமில்லா எண்; புகையிலைப் பொட்டலங்களின் எச்சரிக்கைப் படத்தோடு 2018 முதல் அச்சாகிறது. உதிரியாக வாங்குகிறவர் கண்ணில் அது படாதுதான். தென்மாநில மொழிகளுக்கான அழைப்புகளைப் பெங்களூருவில் உள்ள மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் கவனிப்பதால் தமிழிலேயே பேசலாம். என்ன போடுகிறார், எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் முறை போடுகிறார் என்றெல்லாம் கேட்டு, விடுவதற்கு ஒரு நாளைக் குறிக்கச் செய்வார்கள். பிறகு அவர்களே அழைத்து விசாரிப்பார்கள். நீங்கள் எண்ணைப் போட்டுக் கொடுங்கள், பேச்சு அவருடையதாக இருக்கட்டும்; மகள் பக்கத்தில் நின்றால் எந்த அப்பாவும் கணக்கைக் குறைத்துத்தான் சொல்வார்.

பல் மருத்துவர், நெல்லை:
அதற்கு முன், அவர் வழக்கமாக அடக்கும் கன்னத்தின் உட்புறத்தை வெளிச்சத்தில் பாருங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ, ஆறாத புண்ணோ இருந்தால் அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்குத் தாமதமின்றி அழைத்துச் செல்லுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் புகையிலை விடுவிப்பு ஆலோசனை பற்றியும் அப்போதே விசாரிக்கலாம். நிக்கோட்டின் சூயிங்கம் பரிந்துரைக்கப்பட்டால், அதை மிட்டாய்போல் தொடர்ந்து மெல்லக் கூடாது. காரம் தெரியும்வரை மென்று, கன்னத்தில் ஒதுக்கி, காரம் அடங்கியதும் மீண்டும் மெல்ல வேண்டும். இடையில் காபி, தேநீர் கூடாது. மலச்சிக்கல், புகையிலையை விட்டவர்களுக்கு வருவதுதான், பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகும்; அதுவரை தண்ணீரும் கீரையும் பழமும் கூடுதலாகக் கொடுங்கள்.

செல்வி அக்கா:
புகையிலையை விட்ட பலர் பாக்கை இரட்டிப்பாக்கிக்கொள்கிறார்கள். பாக்கே தனியாகவும் வாய்ப்புற்றை உண்டாக்கும் என்பதால், தொலைபேசியில் பேசும்போது அதையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

தென்காசி மகள்:
மிக்க நன்றி. பாக்கைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. நாளை திங்கள், அந்தச் சேவைக்கு விடுமுறை என்று தெரிகிறது. செவ்வாய் காலை எட்டு மணிக்கு மேல் அழைக்கச் சம்மதித்திருக்கிறார்.