மறு: [கலைச்சொல்] ‘கருத்துத் திருட்டு’க்கு மாற்றாக ‘மூலமறைப்பு’

அன்புடையீர்,

முதலாண்டு மாணவர் கையேட்டில், எடுத்த இடத்தைச் சொல்லாமல் எழுதும் பிளேஜியரிசத்துக்குக் ‘கருத்துத் திருட்டு’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்று ஐயா எழுதியிருந்தார்கள். நாளிதழ்களில் பழகிய சொல்தான். ஆனாலும் கையேட்டுக்கு அது பொருந்தாது என்பது என் உறுதியான எண்ணம்.

திருட்டு என்றால் உடையவருக்குத் தெரியாமல் எடுப்பது. கல்லூரியிலோ, சீனியர் மனமுவந்து கொடுத்த ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுகிறார்கள். ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து அறிக்கை வாங்குகிறார்கள். கொடுத்தவருக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, ஏமாறுகிறவர் படிப்பவர். வெளியிட்ட தன் எழுத்தையே உரிய மேற்கோள் இல்லாமல் மறுபடி வெளியிடுவதும் ஏற்கத்தக்கதல்ல என்று பல்கலைக்கழக மானியக் குழு 2020 ஏப்ரலில் அறிவித்தது. தன்னுடையதைத் தானே திருடினான் என்று எப்படிச் சொல்வது? தவிர, எடுக்கப்படுவது கருத்து மட்டுமா? அட்டவணை, வரைபடம், கணினி நிரல் எல்லாமே எடுக்கப்படுகின்றன.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவானது ஒன்றுதான்: எங்கிருந்து வந்தது என்பது படிப்பவருக்குத் தெரியாமல் போகிறது. ஆகவே ‘மூலமறைப்பு’. நிலம் வாங்குகிறவர் மூலப்பத்திரம் எங்கே என்று கேட்பதைப் போல ஆய்வேட்டைப் படிப்பவரும் கேட்கிறார். அவருக்குப் பதில் இருக்க வேண்டும்.

> மறைப்பு என்றாலும் வேண்டுமென்றே செய்ததாகத்தானே படுகிறது? தெரியாமல் விட்ட பிள்ளைகள்?

நியாயமான கேள்வி, அம்மா. இதற்குத் தமிழ் வினையே வழி வைத்திருக்கிறது. மறைத்தால் மறைப்பு, தானாக மறைந்தால் மறைவு. குறிப்பெடுக்கும்போது பக்க எண்ணை எழுதாமல் விட்டு, பிறகு எது தன் வாக்கியம், எது புத்தகத்தினுடையது என்று தெரியாமல் போவது மூலமறைவு. தெரிந்தே செய்வது மூலமறைப்பு. முதலாவதற்குப் பயிற்சி போதும்.

எங்கிருந்து எடுத்தோம் என்று குறிப்பிடும் சைட்டேஷனுக்கு ‘மேற்கோள்’ போதாதா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். போதாது. மேற்கோள் என்றதும் மாணவர் மனதில் வருவது மேற்கோள் குறி. குறிக்குள் போட்டால்தான் பெயர் சொல்ல வேண்டும், சொல்லை மாற்றிவிட்டால் வேண்டாம் என்று நினைத்துவிடுகிறார்கள். “ஆற்று மணலை அளவுக்கு மீறி அள்ளுவதால் சுற்றுவட்டாரக் கிணறுகளில் நீர்மட்டம் தாழ்கிறது” என்று ஒரு நூலில் இருக்கிறது என்று வையுங்கள். “நதி மணலை வரம்பின்றி எடுப்பதால் அக்கம்பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் மட்டம் இறங்குகிறது” என்று எழுதினால் சொற்கள் மாறின, வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே நிற்கிறது. சொற்பொருத்தம் பார்க்கும் மென்பொருள் இதைத் தவறவிடலாம். ஆனால் நூலின் பெயர் சொல்லியே ஆக வேண்டும். குறிக்குள் அப்படியே எடுப்பது, சொல்லை மாற்றி எழுதுவது இரண்டுக்கும் பொதுவாக ‘மூலம் காட்டல்’ என்போம். ‘மூலம் சுட்டல்’ இன்னும் அழகுதான். ஆனால் ‘சுட்டுட்டான்’ என்பதற்குப் பையன்களிடையே என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். நேர் எதிராகப் போய்விடும்.

இன்னொன்றையும் கையேட்டில் சேர்க்க வேண்டும். மானியக் குழுவின் 2018 விதிகள் பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை என்கின்றன. பொது அறிவாகவோ தற்செயலாகவோ ஒத்துவரும் தொடர்களில் அடுத்தடுத்த 14 சொற்கள் வரை கணக்கில் சேர்ப்பதில்லை. தமிழில் 14 சொல் என்பது பெரிய இடம். வேற்றுமை உருபும் காலமும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் மேலே சொன்ன மணல் வாக்கியம் முழுதும் 9 சொற்களில் முடிந்துவிட்டது. எண்ணிக்கைக்கு உட்பட்டிருக்கிறது என்பதற்காக ஒரு வாக்கியத்தை அப்படியே தூக்கி வைக்கலாம் என்று எந்த மாணவரும் எண்ணிவிடக் கூடாது.

நம் மரபில் பெயர் சொல்லும் வழக்கமே இல்லை என்று வாதிட்டவருக்கு: நூல் எழுதுவதற்கு நன்னூல் சொல்லும் 32 உத்திகளில் ‘பிறன்கோள் கூறல்’, அதாவது பிறர் கொள்கையை எடுத்துச் சொல்வது, ஒன்று. “முன்னோர் மொழிபொருளே அன்றி அவர்மொழியும் பொன்னேபோல் போற்றுவம்” என்ற இடத்தில் பொருள் வேறு, மொழி வேறு என்ற பிரிப்பும் இருக்கிறது. தொல்காப்பியம் பெயரைச் சொல்லாவிட்டாலும் ‘என்மனார் புலவர்’ என்று இது பிறர் கூற்று என்பதைக் காட்டிவிடுகிறது. பாடம் கேட்டு மனப்பாடம் செய்த சிறு வட்டத்துக்கு அது போதும். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் எங்கோ இருந்து ஆய்வேட்டைத் திறப்பவருக்கு ஆசிரியர், ஆண்டு, பக்கம் மூன்றும் வேண்டும்.

தன் எழுத்தையே மறுபடி போடுவதற்குத் ‘தன்மூலமறைப்பு’ என்று எழுதிப் பார்த்தேன், நாக்கில் புரளவில்லை. அதற்கு மட்டும் நல்ல சொல் இருந்தால் தாருங்கள்.