பதில்: குன் சொல்ற இன்கமென்சுரபிலிட்டிக்கு "பொதுவளவின்மை" சரிவருமா?

> அண்ணே, "ஒப்பிடமுடியாமை"ன்னு போட்டுட்டா எல்லாருக்கும் புரிஞ்சிருமே, எதுக்கு புதுசா ஒரு சொல்லு?

தேவகோட்டை தம்பிக்கு, புரியும்பா, ஆனா தப்பா புரிஞ்சிரும், அதான் பிரச்சனை. இன்கமென்சுரபிலிட்டின்னா (incommensurability) ரெண்டு கோட்பாட்டுக்கும் பொதுவான அளவு இல்லாம இருக்குறது. அறிவியல் தத்துவம் எழுதுன தாமஸ் குன் 1962ல அறிவியல் புரட்சிகளோட அமைப்பு பத்தின அந்தப் புத்தகத்தைப் போட்டதுலேருந்து அவர் மேல திரும்பத் திரும்ப வந்த கண்டனமே இதானே, ரெண்டு கோட்பாட்டை ஒப்பிடவே முடியாதுன்னா எது மேலுன்னு எப்புடி முடிவு பண்றதுன்னு. 1983ல வந்த கட்டுரைல அவரே தெளிவா பிரிச்சு சொல்லிட்டாரு, பொது அளவு இல்லங்கறது வேற, ஒப்பிட முடியாதுங்கறது வேற. அவரு மெனக்கெட்டு பிரிச்சத நாம தமிழ்ல ஒட்டவச்சிறக் கூடாது.

இன்கமென்சுரபிலிட்டிங்கற சொல்லே ஜியாமெட்ரிலேருந்து வந்தது. ஆத்தங்குடி கல்லு ஒண்ணை எடுத்து வச்சுக்கங்க, சதுரமா இருக்குறது. அதோட பக்கத்தையும் மூலைவிட்டத்தையும் ரெண்டையுமே மிச்சமில்லாம அளக்குற ஒரே குச்சி கிடையாது, எம்புட்டு சின்னதா நறுக்குனாலும் கிடையாது, ஏன்னா விகிதம் ரூட் 2. ஆனா எது நீளம்னு கேட்டா மூலைவிட்டம்னு சின்னப்புள்ள கூட சொல்லிரும். ஒப்பிடலாம், பொது அளவுதான் இல்ல. மீ.பொ.வ. (மீப்பெரு பொது வகுத்தி) கணக்கு போட்ட புள்ளைகளுக்கு இந்த "பொது" உடனே பிடிபடும்.

இதே சொல்லுக்கு இந்த இழைல ஆச்சி சொன்ன "அளவொவ்வாமை" கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒவ்வாமைன்னதும் இன்னைக்கு எல்லாருக்கும் அலர்ஜிதான் ஞாபகம் வருது, அதனால வேண்டாம்னு படுது.

குன் இதை கோட்பாட்டுக்கு எப்புடி கொண்டு போனாருங்கறதுக்கு, 1957ல கோப்பர்நிக்கஸ் பத்தி அவர் தனிப் புத்தகமே எழுதுன விஷயம்தான் நல்ல உதாரணம். பூமிய நடுவுல வச்ச பழைய வானியலாளர் தாலமி கணக்குல சூரியனும் சந்திரனும் கிரகம், பூமி கிரகம் இல்ல. நம்மூரு சிவன் கோயில் நவக்கிரக மேடைய பாருங்க, நடுவுல சூரியன், சந்திரனுக்கும் எடம் உண்டு, பூமி இல்ல. கோப்பர்நிக்கஸுக்கு அப்புறம் பூமி கிரகமாயிருச்சு, சூரியன் அந்தக் கூட்டத்தை விட்டு வெளிய போயிருச்சு, சந்திரன் துணைக்கோள். சொல்லு அதேதான், அதுக்குள்ள எதெது அடங்கும்ங்கற வகைப்பாடே மாறிப்போச்சு. அதனால பழைய ஆளு "கிரகமெல்லாம் பூமியச் சுத்துது"ன்னு சொன்னத புது ஆளு பாஷைல அப்படியே பெயர்க்க வழியில்ல, ஆனா ரெண்டு பேர் கணக்கையும் செவ்வாய் எங்க நிக்குதுன்னு வானத்தைப் பாத்து சரிபாக்கலாம்.

குன்னோட இன்னொரு சொல்லான பாரடைமை (ஒரு துறை ஆளுங்க பொதுவா ஏத்துக்கிட்ட முன்மாதிரி) இந்த இழைல இழுக்க வேண்டாம். மார்கரெட் மாஸ்டர்மன்ங்கற தத்துவ அறிஞர் அம்மா அதுக்கு 21 பொருள் எண்ணிக் காட்டுனாங்க, அந்த 1962 புத்தகத்துக்கு எழுதுன 1969 பின்னுரைல குன் அதை ரெண்டா பிரிச்சாரு, நமக்கும் ரெண்டு சொல்லு வேணும்.

பெயரடைக்கு "பொதுவளவற்ற"ன்னு வச்சா, "நியூட்டனோட நிறையும் ஐன்ஸ்டீனோட நிறையும் பொதுவளவற்ற கருத்துகள்"னு தடங்கலில்லாம எழுத வருது. யாருக்காச்சும் வாய்ல ஒட்டலைன்னா வேற வாக்கியத்துல போட்டுப் பாத்து சொல்லுங்க.