அபிஸ்கோ முதல் நிக்கலுவோக்தா வரை: குடிலா, கூடாரமா?

நடைப்பித்தன்:
செப்டம்பர் முதல் வாரம் சுவீடனின் வடகோடியில் குங்ஸ்லேடன் பாதையில் நாலு பேர் நடக்கப் போகிறோம். அபிஸ்கோவில் ரயிலை விட்டு இறங்கி நிக்கலுவோக்தா வரை, சுமார் 105 கி.மீ., ஏழு நாள். வழியில் உள்ள குடில்களில் படுக்கை எடுத்துவிடலாம் என்கிறேன் நான். கூட வரும் நண்பன் கூடாரம்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். என்ன சொல்கிறீர்கள்?

கூடாரக்காரன்:
நண்பர் கட்சிதான் நான். சதுப்பில் பலகை, ஆற்றில் பாலம், அலெஸ்யவ்ரெ குடிலில் கடை, சாயங்காலம் சவுனா குளியல். இதற்கா அவ்வளவு தூரம்? தெற்கே சாரெக் இருக்கிறது. 1909-இல் அபிஸ்கோவோடு சேர்த்துத் தேசியப் பூங்கா ஆன இடம். 2,000 மீட்டர் தாண்டிய சிகரங்கள், நூறு பனியாறுகள். தங்குவதற்குக் குடில் கிடையாது, செல்பேசி சிக்னல் கிடையாது. அங்கே போங்கள்.

பனிமலர்:
அண்ணா, அவர் கேட்டது அபிஸ்கோ, நீங்கள் ஏற்றிவிடுவது சாரெக் பஸ்ஸிலா? அங்கே பல ஆறுகளைக் காலால்தான் கடக்க வேண்டும். பனி உருகிய தண்ணீர். காலையில் முழங்கால் அளவு என்றால் வெயில் ஏறிய பிற்பகலில் தொடைக்கு வந்துவிடும். முதல் தடவை போகிறவர்களுக்கு இது வேண்டாம்.

குடிலை ஏதோ லாட்ஜ் மாதிரி பேசுகிறீர்கள். விறகை நாமே பிளக்க வேண்டும், அடுத்து வருகிறவருக்கும் சேர்த்து. தண்ணீர் ஓடையிலிருந்து வாளியில். கழுவின தண்ணீருக்குத் தனி வாளி, அதையும் நாம்தான் கொண்டுபோய் ஊற்ற வேண்டும். போன வருடம் நான் அலெஸ்யவ்ரெ சேர்ந்தபோது மழை பக்கவாட்டில் அடித்தது. அடுப்புக்கு மேலே கயிற்றில் ஏற்கெனவே பதினாறு காலுறை. தெரியாத பெண்மணி ஒருவர் தன்னுடையதைக் கொஞ்சம் நகர்த்தி என்னுடையதற்கு இடம் விட்டார். அந்த இரவில் கூடாரத்தில் இருந்திருந்தால் மறுநாள் திரும்பியிருப்பேன்.

கூடாரக்காரன்:
பதினாறு காலுறையின் வாசனைக்கும் சேர்த்துத்தான் காசு வாங்குகிறார்கள் போல :)

ஆறு விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். நானே ஒருமுறை பிற்பகலில் இறங்கி, பாதியில் பயந்து திரும்பி, கரையிலேயே கூடாரம் அடித்து, விடிகாலை நாலு மணிக்குக் கடந்தேன். ஆனால் எனக்கு இன்றும் நினைவிருப்பது அந்த நாலு மணிதான். பாலத்தில் கடந்த ஆறு ஒன்றின் பெயர்கூட ஞாபகமில்லை.

பனிமலர்:
அப்படியானால் நிக்கலுவோக்தாவுக்கு வழி பிரியும் சிங்கி குடிலில் கிழக்கே திரும்பாமல் தெற்கே நடந்து தெவுசயவ்ரெ ஏரிக்குப் போய்ப் பாருங்கள். இரு கரைக்குமாக மூன்று துடுப்புப் படகு. எந்தக் கரையிலும் எப்போதும் ஒன்றாவது நிற்க வேண்டும் என்பது விதி. உங்கள் பக்கம் ஒன்றே ஒன்று நின்றால், அதில் அக்கரை போய், இன்னொன்றைக் கட்டி இழுத்து வந்து இங்கே விட்டுவிட்டு, மறுபடி அக்கரை. எதிர்காற்றில் ஒரு கிலோமீட்டரை மூன்று தடவை வலித்துவிட்டு வந்து ‘வசதியான பாதை’ என்று எழுதுங்கள்.

கிருனாவாசி:
இருவரும் ஆளில்லாத இடம் மாதிரியே பேசுகிறீர்கள். அது சாமி (Sámi) என்ற வடகோடிப் பூர்வகுடி மக்களின் கலைமான் மேய்ச்சல் நிலம். ‘யவ்ரெ’ என்றாலே அவர்கள் மொழியில் ஏரி. மந்தை குறுக்கே வந்தால் அப்படியே உட்கார்ந்துவிடுங்கள், அது போன பிறகு எழுந்தால் போதும்.

கூடாரக்காரரே, அபிஸ்கோ பூங்காவுக்குள் குறித்துக் கொடுத்த இடத்தில்தான் கூடாரம் அடிக்கலாம். நினைத்த இடத்தில் அடிப்பதெல்லாம் எல்லை தாண்டிய பிறகு.

கூடாரக்காரன்:
அது தெரியும். முதல் இரவுதானே.

நடைப்பித்தன்:
சரி, முடிவு செய்துவிட்டோம். கூடாரம் தூக்கிக்கொள்கிறோம். 1,150 மீட்டரில் ஒரு கணவாய் இருக்கிறதே, அதற்கு முந்தின இரவும் பிந்தின இரவும் மட்டும் குடில். நண்பனுக்கு அரை மனசு. சாரெக் பிறகு பார்க்கலாம்.

கூடாரக்காரன்:
காலுறை கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். கயிற்றில் இடம் இருக்காது.