வெள்ளையணு 1,48,000: இது சிஎம்எல் (ஒரு வகை ரத்தப் புற்றுநோய்) தானா, தொற்றா?

சயான்_தங்கை:
அண்ணனுக்கு 42 வயது. காய்ச்சல் எதுவும் இல்லை, ஆனால் கொஞ்ச நாளாக நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது, இடது விலாவுக்குக் கீழே பாரமாக இருக்கிறது என்கிறார். அல்சர் என்று நினைத்திருந்தோம். கம்பெனி செக்கப்பில் வெள்ளையணு 1,48,000, பிளேட்லெட் 6,20,000, வெள்ளையணு வகைகளில் மைலோசைட் 22, பேசோஃபில் 7, பிளாஸ்ட் 2 சதவீதம். கீழே ‘சிஎம்எல் அல்லது லூகெமாய்டு ரியாக்‌ஷன்’ என்று எழுதியிருக்கிறார்கள். டாக்டரைத் திங்கள்கிழமைதான் பார்க்க முடியும். தொற்றால்கூட இப்படி ஏறுமா?

செம்பூர்_லேப்:
தொற்றிலும் 50,000 தாண்டலாம் சகோதரி, அதைத்தான் லூகெமாய்டு என்பது. ஆனால் அதில் பெரும்பாலும் நியூட்ரோஃபில்தான் நிறைந்திருக்கும், பேசோஃபில் ஏறாது. சிஎம்எல் ஸ்லைடில் (ரத்தத்துளி தடவிய கண்ணாடித் தகடு) எலும்பு மஜ்ஜையே ரத்தத்தில் இறங்கி வந்த மாதிரி, முதிராத மைலோசைட் முதல் முதிர்ந்த நியூட்ரோஃபில் வரை எல்லாப் படியும் ஒன்றாகத் தெரியும். நான் முதலில் தேடுவது பேசோஃபிலைத்தான்: உட்கருவையே மறைக்கிற அளவுக்குக் கருநீலத் துகள்கள் அப்பியிருக்கும். சாதாரணமாக ஒரு சதவீதத்தைத் தாண்டாது, உங்கள் அண்ணனுக்கு 7. அந்தப் பாரம் மண்ணீரல் வீக்கமாக இருக்கலாம். அதனால் சிஎம்எல் சந்தேகம் வலுவானது, ஆனாலும் ஸ்லைடை மட்டும் வைத்து முடிவு சொல்லக்கூடாது. 9, 22ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதால் உருவாகும் பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL) மரபணு இருக்கிறதா என்று ரத்தத்திலேயே பார்க்கலாம், அதுதான் உறுதி செய்யும். எண்ணிக்கை மெஷின் போட்டதா, ஆள் ஸ்லைடு பார்த்துப் போட்டதா என்றும் கேளுங்கள்.

மாட்டுங்கா_வாசி:
எனக்கு இதே நோய், இமாடினிப் மாத்திரையில் வேலைக்குப் போய்க்கொண்டு நன்றாக இருக்கிறேன். 2013-இல் உச்ச நீதிமன்றம் அதற்கான காப்புரிமையை மறுத்ததால் நம் ஊர் கம்பெனி மாத்திரையே கிடைக்கிறது, விலையை நினைத்து இப்போதே பயப்படாதீர்கள். மும்பை பரேலில் இருக்கும் டாடா மெமோரியல் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் ரிப்போர்ட்டோடு ஸ்லைடையும் வாங்கிக்கொண்டு போங்கள். ஆனால் பார்வை மங்கினால், மூச்சு வாங்கினால், கடும் தலைவலி வந்தால் திங்கள் வரை காத்திருக்க வேண்டாம், உடனே எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள்.

சயான்_தங்கை:
நன்றி அண்ணா, இருவருக்கும். அந்த மாதிரித் தொந்தரவு எதுவும் இப்போது இல்லை. லேபில் கேட்டேன், ஸ்லைடு பார்த்துதான் எண்ணினார்களாம். சரி, பிசிஆர்-ஏபிஎல்லுக்கு ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றில் போகணுமா?

செம்பூர்_லேப்:
தேவையில்லை, சாப்பிட்டே போகலாம். ஸ்லைடை இன்றே கேட்டு வாங்கி வையுங்கள்.